கார்காமோவின் ஜெனரேட்டர்

உலகின் தென்கோடியிலுள்ள எங்கள் தீவில் ஜூலை மாதக் குளிரோடு வரும் வடக்குக் காற்று இரண்டு நாளில் ஓய்ந்துவிடும். இந்த முறை மூன்றாம் நாளும் ஓயவில்லை. காலை எட்டு மணிக்கு மின்சாரம் போனது.

பக்கத்து வீட்டு நெல்டாவுக்குக் கை கால் ஓடவில்லை. அவள் கணவன் ஆர்டெமியோ நுரையீரல் கெட்டவன். ஆக்சிஜன் இயந்திரம் இல்லாமல் தாங்க மாட்டான். கையிருப்பு சிலிண்டர் மதியம் வரைதான் வரும். ஆம்புலன்ஸ் கேட்டோம். சாலை முழுக்க மரங்கள் சாய்ந்து கிடப்பதாகச் சொன்னார்கள். படகுத்துறையும் மூடியிருந்தது.

அவள் ஜன்னலுக்கும் சிலிண்டருக்குமாக நடந்தபடியே இருந்தாள்.

"உக்காரு கிழவி. நீ நடக்கிறதப் பாத்தா எனக்குத்தான் மூச்சு வாங்குது" என்றான் ஆர்டெமியோ.

மேட்டில் கடை வைத்திருக்கும் கார்காமோவிடம் மட்டுமே ஜெனரேட்டர் இருந்தது. நெல்டாவும் நானும் போய்க் கேட்டோம். அது சிமெண்ட் தரையோடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கிறது, அசைக்க முடியாது என்றார். நெல்டா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மெஷின் வராது. ஆளக் கொண்டு வந்துரலாம்" என்றார்.

"இந்தக் காத்துலயா?" என்றாள் நெல்டா.

"மதியத்துக்குள்ள காத்து நின்னுருமா, சொல்லு."

நெல்டா வீட்டுக்குத் திரும்பி, கதவொன்றைக் கழற்றி, ஆர்டெமியோவைப் போர்வையால் சுற்றி அதில் கட்டினோம். சிலிண்டரைக் காலிடுக்கிலும் ஆக்சிஜன் இயந்திரத்தைக் கால்மாட்டிலும் வைத்தோம். கார்காமோ, அவர் மகள் யாஸ்னா, நெல்டா, நான், ஆளுக்கொரு மூலை. தலை மேட்டுப் பக்கம் இருந்ததால் ஆர்டெமியோ மட்டும் தன் வீட்டைப் பார்த்தபடி வந்தான். பாதி வழியில் பின்னால் ஏதோ கிழிந்த சத்தம்.

"நெல்டா, திரும்பிப் பாக்காத" என்றான் மெதுவாக.

அவள் பார்த்தாள். படுக்கையறைக்கு மேலிருந்த தகரக் கூரை மொத்தமாக எழும்பிப் போய் உருளைக்கிழங்கு வயலில் விழுந்தது. பிறகு மறுபடி நடந்தாள்.

ஜெனரேட்டரால் கடையிலிருந்த ஃப்ரீசரையும் ஆக்சிஜன் இயந்திரத்தையும் சேர்த்து இழுக்க முடியவில்லை. யாரும் கேட்பதற்கு முன்பே கார்காமோ ஃப்ரீசரின் பிளக்கைப் பிடுங்கினார். உள்ளே பனிக்காலம் முழுவதற்குமான ஆட்டிறைச்சி. மறுநாள் அது உருகத் தொடங்கியதும் பெரிய பானைகளில் வேகவைத்து, சாலையில் மரம் அறுத்தவர்களுக்கெல்லாம் போட்டார். மின்சாரம் போன நாலாம் நாள்தான் திரும்பி வந்தது.

ஆகஸ்டில் எல்லாரும் சேர்ந்து நெல்டா வீட்டுக்குப் புதுக் கூரை போட்டோம். ஆர்டெமியோ அதன் கீழே நிம்மதியாகத் தூங்குகிறான். நெல்டாவுக்குத்தான் அந்தக் கூரையை நம்ப முடியவில்லை. வடக்கிலிருந்து காற்று எழுந்தாலே, கட்டிலைக் கதவோரம் இழுத்துப் போட என்னைக் கூப்பிடுகிறாள்.