இரவல் கூட்டம்

மீன் பார்க்கப் போன இடத்தில் லோகநாயகி என் சாதியையே மாற்றிவிட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அவள் முடியைப் பிடித்து அந்தத் தொட்டிக்குள்ளேயே முக்கியிருக்க வேண்டும்.

தொண்ணூற்றாறு கோடை. கோயம்புத்தூர் பொருட்காட்சியில் கடல் மீன்களை உயிரோடு கண்ணாடித் தொட்டிகளில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அம்மா என்னை விடவில்லை. "கடலைத்தான் பார்த்ததில்ல. அதுக்குள்ள கெடக்கறதையாவது கண்ணுல காட்டிப்போடு, அரசி" என்று ஒரே நச்சரிப்பு. அம்மா பெயர் பாவாத்தாள். கொடுமுடிக்குப் பக்கத்தில் சென்னியப்பக் கவுண்டர் தோட்டத்தில் களை வெட்டி, மஞ்சள் வெட்டி, என்னை நர்சுக்குப் படிக்க வைத்தவள். எனக்கு வேலை கிடைத்த பிறகு மதுக்கரையில் என்னோடு இருக்கிறாள்.

லோகநாயகி நர்சிங் விடுதியில் என் அறைத் தோழி. படித்து முடிக்கிறவரை ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள். அம்மா ஊரிலிருந்து கொண்டுவரும் கருவாட்டுக் குழம்புக்கு என்னோடு சண்டை போடுவாள். துடியலூரில் பம்புசெட் பட்டறைக்காரர் வீட்டுக்கு வாக்கப்பட்ட பிறகு போக்குவரத்து குறைந்துவிட்டது. இப்போதுதான் முதல்முறையாக, "மீனைப் பாத்துப்போட்டு அப்படியே எங்க ஊட்டுல சாப்பிட்டுட்டுப் போலாம், அம்மாவையும் கூட்டிட்டு வா" என்று கூப்பிட்டிருந்தாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் ஒரு வாய் காப்பி குடித்ததோடு சரி. "லோகு ஊட்டுச் சாப்பாட்டுக்கு வயித்தைக் காயப்போட்டிருக்கறேன்" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம்கூடச் சொல்லிவிட்டாள்.

மீன் கொட்டகைக்குள் ஒரே இருட்டு, ஒரே புழுக்கம். தொட்டிகளில் மட்டும் விளக்கு. லோகுவின் மகள் ரித்திகா என் அம்மாவின் கையைப் பிடித்து ஒவ்வொரு தொட்டியாக இழுத்துக்கொண்டு போனாள். கன்னம் உப்பிய ஒரு பெரிய மீன் அசையாமல் நின்று எங்களை முறைத்தது. "ஏ கண்ணு, இங்க பாரு! கூலி கேக்கறப்ப சென்னியப்பக் கவுண்டரு இப்படித்தான் நிப்பாரு!" என்று அம்மா சத்தமாகச் சொல்ல, முன்பின் தெரியாதவர்களெல்லாம் சிரித்தார்கள். அம்மா இப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

அப்போதுதான் லோகு என் முழங்கையைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அரசி, கோவிச்சுக்காத. எங்க மாமனாரு ஒரு மாதிரி. யாரு வந்தாலும் மொதல்ல என்ன கூட்டம்னுதான் கேப்பாரு."

எனக்குத் தெரியாதா? கொங்குநாட்டில் கவுண்டருக்குக் கவுண்டர் பார்த்துக்கொண்டால் சோறு, தண்ணீருக்கு முன்னால் அந்தக் கேள்விதான். கூட்டமென்றால் குலப்பிரிவு; ஒரே கூட்டமென்றால் பங்காளி, வேறு கூட்டமென்றால் மாமன் மச்சான். எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எங்களை எங்கே நிறுத்துவது என்பது கேட்காமலே அவர்களுக்குத் தெரியும்.

"கேட்டா சொல்லிட்டுப் போறேன். நாங்க காலனிக்காரங்கன்னு."

"ஐயோ, மெதுவாப் பேசு! நான் முன்னாடியே சொல்லிப்போட்டேன். நீங்க எங்க அம்மா பொறந்த கூட்டம்னு. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

"யாரைக் கேட்டுச் சொன்ன?"

"இல்லாட்டி உங்களை உள்ள உடமாட்டாங்கடி. உங்களைக் கூப்பிடோணும்னு எனக்கு எவ்வளவு ஆசை, தெரியுமா?" அவள் கண் கலங்கியது. எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. தட்டில் கருவாட்டுத் தலைக்குச் சண்டை போட்டவளுக்கு இன்றைக்கு என் அம்மா, அம்மாவாக வரக்கூடாது. வேறு யாரோவாக வர வேண்டும்.

"நாங்க வரல" என்று திரும்பினேன். எதிரே அம்மா, ரித்திகாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "போலாமா லோகு? பசி உசிரு போகுது சாமி" என்று வாயெல்லாம் பல்லாக நின்றாள். அந்த முகத்தைப் பார்த்து என்னவென்று சொல்வது? போனேன். ஆனால் கேட்டால் பொய் சொல்வதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

துடியலூரில் பெரிய வீடு. லோகுவின் மாமனார் அப்புசாமிக் கவுண்டர் வாசலுக்கே வந்து, "வாங்க, வாங்க அம்மணி! வெயில்ல வந்திருக்கறீங்க, மோரு குடிங்க" என்று கும்பிட்டார். அம்மா திகைத்துப்போய் அவரைவிடக் குனிந்து கும்பிட்டாள். கூடத்தில் பாய் விரித்து இலை போட்டார்கள். இனிப்புக்கு ஒப்புட்டு, பருப்பு, நெய், கத்தரிக்காய்ப் பொரியல். மாமியார்தான் பரிமாறினார். அம்மா முதலில் சங்கோசப்பட்டாள். பிறகு பசி ஜெயித்தது.

பெரியவர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க சம்பந்தியம்மா கூட்டமாமல்ல நீங்க! அப்ப நமக்கு உறவு கிட்டத்துல வருதுங்க. அது நீங்க பொறந்த கூட்டமுங்களா, இல்ல உங்க ஊட்டுக்காரரு கூட்டமுங்களா?"

அம்மா வாயில் சோற்றோடு என்னைப் பார்த்தாள்.

"கொடுமுடியில தோட்டம் எத்தனை ஏக்கருங்க?"

அம்மா மறுபடியும் என்னைப் பார்த்தாள். கதவோரம் நின்ற லோகுவும் என்னைத்தான் பார்த்தாள், கெஞ்சலோடு. நான் கையில் இருந்த சோற்றை இலையில் வைத்தேன்.

"எங்களுக்குக் கூட்டமும் இல்லீங்க, தோட்டமும் இல்லீங்க. உங்க மருமக சொன்னது பொய்யிங்க. எங்க ஊடு காலனியில. எங்க அம்மா சென்னியப்பக் கவுண்டர் தோட்டத்துல களை வெட்டுனவங்க. நான் இவ கூடப் படிச்சவ. அவ்வளவுதானுங்க."

ரசப் பாத்திரத்தோடு குனிந்த மாமியார் அப்படியே நின்றார். பெரியவர் முகம் கறுத்துப் போயிற்று. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அம்மா லோகுவை ஏறிட்டுப் பார்த்தாள். "பொய்யச் சொல்லியா என்னைக் கூப்புட்ட, சாமி? அதுக்குக் கூப்புடாமயே இருந்திருக்கலாமே."

லோகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"எந்திரிம்மா, போலாம்" என்றேன்.

"உக்காரு. பாதிச் சோத்துல எந்திரிச்சா நாமதான் தப்புப் பண்ணுனாப்புல ஆயிப்போகும். நான் எதுக்கு எந்திரிக்கோணும்?" என்ற அம்மா, நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். "ஏனுங்கம்மிணி, ரசம் ஊத்துங்க. கை காயுது."

அந்த அம்மாள் வாசலைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். கை இறங்கவில்லை. லோகு ஓடிவந்து பாத்திரத்தை வாங்கி அம்மாவுக்கு ஊற்றினாள். பாதி பாயில் சிந்தியது.

"இன்னொரு கரண்டி ஊத்து" என்றாள் அம்மா.

அவசரப்படாமல் சாப்பிட்டாள். மோருக்கும் சோறு வாங்கிக்கொண்டாள். ஒப்புட்டில் ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை. நானும் சாப்பிட்டேன்.

சென்னியப்பக் கவுண்டர் வீட்டில் விசேஷமென்றால் எங்களுக்குக் கொல்லைப்புறத்தில்தான் சோறு. தின்ற இலையை நாங்களே எடுத்து, உட்கார்ந்த இடத்தைச் சாணி போட்டு வழித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அம்மா இலையை மடித்துவிட்டு எழுந்தபோது, வாசலிலிருந்து பெரியவர் குரல் வந்தது.

"லோகநாயகி, எலைய அவங்களையே எடுத்துப் போடச் சொல்லு."

அம்மா எச்சில் கையோடு வாசல்படிவரைக்கும் போனாள்.

"ஏனுங்க, விருந்துக்குக் கூப்புட்டவங்கதானுங்களே எலை எடுக்கோணும்? உங்க ஊட்டுல வழக்கம் வேறயாங்க?"

லோகு கண்ணைத் துடைத்தாள். குனிந்தாள். அம்மாவின் இலையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு, பின்கதவு பக்கத்திலேயே இருக்க, முன்வாசல் வழியாக, மாமனாரைத் தாண்டிக்கொண்டு போனாள்.

என் இலையை நான் தொடவில்லை. அவள் திரும்பி வந்து அதையும் எடுக்கிறவரைக்கும் கை கழுவாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.