பெல்லாரி வெங்காயமும் பிரெஞ்சு மாப்பிள்ளையும்

ஞானதுரை தொப்பியைக் கழற்றி வெங்காய மூட்டையின் மேல் வைத்தான். வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து, அது எடுப்பான கோணத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தான்.

அந்த ஒரு பார்வையே ஞானசெல்விக்குப் பிடிக்கவில்லை.

கப்பலுக்குப் போய் வந்தவர்கள் ராயபுரத்தில் தெருவுக்குப் பத்துப் பேர். வந்ததும் குளித்து, வேட்டியோ கைலியோ கட்டிக்கொண்டு, மறுவாரமே வேறு வேலை தேடப் போய்விடுவார்கள். இவன் மட்டும் இன்னும் கப்பலை விட்டு இறங்கவே இல்லை. பாண்டிச்சேரியில் ஏறி, சைகோன், மார்சேல்ஸ் என்று நாலு வருஷம் பிரெஞ்சுக் கப்பலில் இருந்தவன், இங்கே ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாலும் நன்றிக்கு ‘மெர்சி’ என்பான். மீசை, பேனாவால் கோடு இழுத்து மை ஒற்றிய மாதிரி. கப்பலில் என்ன வேலை என்று கேட்டால், “காப்டனுக்கு நான் சமைச்சாத்தான் இறங்கும்” என்பான். கேட்ட கேள்விக்கு அது பதிலா என்று யாரும் கேட்டதில்லை.

செல்வி கேட்டாள். அதனால்தான் இந்த வினை.

செல்வியின் அக்கா செல்லக்கனி. அக்கா புருஷன் தவசிமுத்து. கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் வெங்காய மண்டி. அவருடைய ஒரே தம்பிதான் இந்தத் தொப்பிக்காரன். தாய் தகப்பன் இல்லாத செல்வி அக்கா வீட்டில் இருந்துகொண்டு, திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்த்தாள். ‘மச்சினியும் இங்க, தம்பியும் இங்க, வெளியில எதுக்கு அலையணும்?’ என்று அத்தான் முடிவு கட்டிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் ஆராதனை முடிந்து வந்து, நாலு பேரை வைத்துக்கொண்டு பேச்சை எடுத்தார்.

எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். செல்வி வாயைத் திறந்தாள்.

“கப்பல்ல சமைச்சேன் சமைச்சேன்னு சொல்லுதாரே, அந்த வெங்காய சூப்பைப் பத்தி தினம் ஒரு பிரசங்கம் வேற. அதை இந்த வீட்டுல, தன் கையால, ஒரு தடவை செய்யட்டும். அதைக் குடிச்சுப் பழகின ஒருத்தர் சரின்னு சொன்னா, எனக்கும் சரி.”

அவனால் செய்ய முடியாது என்ற நம்பிக்கையில் சொன்னது. சொன்னதும் அத்தான் தொடையைத் தட்டினார். நடுவர் யார் என்றும் அங்கேயே முடிவாகிவிட்டது: பக்கத்துத் தெரு பட்லர் யேசுதாஸ். பிரெஞ்சுக் கப்பல்களில் காப்டன் மேஜைக்குப் பரிமாறியே தலை நரைத்தவர். பொய் சொல்ல மாட்டார், சாப்பாட்டு விஷயத்தில்.

இதோ, சனிக்கிழமை வந்துவிட்டது.

“மைனி, பெல்லாரி வெங்காயம். சின்ன வெங்காயம் கூடாது. பாதியா வெட்டி, நீளவாக்குல, மெல்லிசா” என்று அண்ணியிடம் சொல்லி ஞானதுரை சட்டைக் கையை மடித்தான். மடித்தானே தவிர, கத்தியைத் தொடவில்லை. அக்காவும் தங்கையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு கூடை வெங்காயத்தை அரிந்தார்கள். அவன் வாசல் கதவில் சாய்ந்து நின்று, பிரெஞ்சுக்காரிகள் அழாமல் வெங்காயம் வெட்டுவதைப் பற்றிச் சொன்னான்.

“அவளுக எதுக்கு அழணும்? நீங்கதான் கப்பலேறி வந்துட்டீங்களே” என்றாள் செல்வி.

செல்லக்கனி சிரிப்பை முந்தானையில் துடைத்தாள்.

வாணலியில் வெண்ணெய் உருகியது. வெங்காயம் விழுந்தது. செல்லக்கனி பழக்க தோஷத்தில் விறகை உள்ளே தள்ளி, தீயை நாக்கு நீட்ட வைத்தாள். குழம்புக்கோ பிரியாணிக்கோ வெங்காயம் வதக்குகிற தீ. சடசடவென்று ஓரங்கள் கறுக்கப் பார்த்தன.

“ஐயையோ மைனி! விறகை இழுங்க!” ஞானதுரை நிஜமாகவே பதறி ஓடிவந்தான். “கறுகிச்சுன்னா கசக்கும். இது பொரியக் கூடாது, உருகணும். சின்னத் தீ. ரொம்பச் சின்னத் தீ. தேன் மாதிரி நிறம் வந்து, அப்புறம் கருப்பட்டி நிறம் வரணும். அவசரப்பட்டா அவ்வளவுதான்.”

செல்விக்கு முதன்முறையாகச் சந்தேகம் வந்தது.

இவனுக்குத் தெரிந்திருக்கிறது! கடலைப் பற்றி அவன் விட்ட கதைகள் எல்லாம் கப்சா. ஆனால் இந்த ஒரு சட்டி உண்மை. எங்கோ, யாரோ ஒரு நிஜமான சமையல்காரன் கிண்டுவதை இவன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். தன் வாயால் தானே மாட்டிக்கொண்டாள்.

தீயை மட்டுப்படுத்த வழி செல்லக்கனிக்குத் தெரியும். பின்கட்டில் மரத்தூள் அடுப்பு இருந்தது. தகர டின்னில் மரத்தூளைக் கெட்டியாக இடித்து, நடுவில் துளை விட்டுப் பற்றவைத்தால், சாயங்காலம் வரை ஒரே சீராகக் கனன்றுகொண்டிருக்கும். வாணலி அங்கே போயிற்று. இன்னொரு அடுப்பில் நல்லி எலும்பு கொதித்துச் சாறு இறங்கிக்கொண்டிருந்தது.

ஞானதுரை கரண்டியைப் பிடித்தான். கிண்டினான். கொஞ்ச நேரம். கையை மாற்றினான். நெற்றியைத் துடைத்தான். வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான். செல்லக்கனி விருந்துக்குக் கோழி வாங்கப் போயிருந்தாள், அத்தான் மண்டியில்.

“செல்வி” என்றான் குரலைத் தாழ்த்தி. “இதுல அடிப்பிடிக்கிறதைச் சுரண்டி எடுக்க வெள்ளை ஒயின் ஊத்தணும். அந்தப் புளிப்பு இல்லேன்னா சூப்பே இல்ல. ஹார்பர்ல ஒரு ஆள்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். அண்ணன் காதுல போடாத. நான் போய் வாங்கியாறேன், நீ சும்மா கிண்டிக்கிட்டு இரு.”

மதுவிலக்கு வந்த ஊர். அதுவும் தவசிமுத்து வீடு! கோயில் கமிட்டியில் உட்கார்ந்துகொண்டு, கள்ளு வாடை அடித்தவனை ஞானஸ்நானத்துக்கு ஞானத் தகப்பனாக நிற்கக்கூட விடாத மனிதர்.

“தன் கையாலன்னு பேச்சு” என்றாள் செல்வி.

“கரண்டி பிடிக்கிறது ஒரு வேலையா? பக்குவம் இங்க இருக்கு.” நெற்றிப்பொட்டைத் தட்டிக் காண்பித்தான். தொப்பியை மாட்டிக்கொண்டான். போய்விட்டான்.

ஹார்பர் கிழக்கே. அவன் செருப்புச் சத்தம் மேற்கே போயிற்று. சற்றைக்கெல்லாம் முக்குக் கடை கேரம் பலகையிலிருந்து அவன் சிரிப்பு கேட்டது. பெரிய சிரிப்பு, கப்பல் சிரிப்பு.

செல்வி தனியாக நின்றாள். கையில் கரண்டி. எதிரே வாணலி.

இந்தக் கரண்டியைக் கீழே வைத்தால் போதும். கொஞ்ச நேரம் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும். வெங்காயம் கரியாகிவிடும், கல்யாணமும் கரியாகிவிடும். கரண்டியை வைத்தே விட்டாள்.

‘சுர்ர்’ என்றது வாணலி.

அதே நொடியில் அவன் குரல் அவள் காதில் கேட்டது. இன்னும் சொல்லாத குரல்: ‘அஞ்சு நிமிஷம் நம்பி விட்டுட்டுப் போனேன், தீய்ச்சுட்டாளே! அடுத்த சனிக்கிழமை நானே செய்யுதேன் அண்ணே.’ அத்தான் தலையாட்டுவார். தப்பு அவள் தலையில் விழும், தொப்பி அவன் தலையில் அப்படியே இருக்கும்.

கரண்டியைப் பாய்ந்து எடுத்தாள்.

பிறகு விடவில்லை. தோள்பட்டை கழன்றது. ஒரு மலை வெங்காயம் சுருங்கி ஒரு கைப்பிடியாக வந்தது. தேன் நிறம் வந்தது. தேன் போய்க் கருப்பட்டி வந்தது. வாசனை மதில் தாண்டிப் போயிருக்க வேண்டும், பக்கத்து வீட்டு சபீஹாவின் தலை மதிலுக்கு மேல் முளைத்தது.

“இன்னாடி செல்வி, பரீட்சை அந்த ஆளுக்கா, உனக்கா? அவரு முக்குல கேரம் ஆடிகினு கீறாரு, நீ இங்க வேத்து ஊத்திகினு கீறே!”

“மாப்பிள்ளைக்குக் கை வலிக்குதாம் அக்கா. தொப்பி கனம்.”

“கலீஜான தொப்பி. அத்தப் பாத்தாலே எனக்குப் பேஜாரு.” சபீஹா மூக்கை இழுத்தாள். “ஆனா வாசனை தூக்குது. இன்னா வேணும் சொல்லு.”

வாணலியின் அடியில் பழுப்பாக ஒரு அடை ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ருசியெல்லாம் அதில்தான் என்று செல்விக்கு மூக்கே சொல்லிற்று. “புளிப்பா ஏதாவது இருக்கா அக்கா? புளி இல்ல. பழப் புளிப்பு.”

சபீஹா ஒரு கணம் யோசித்தாள். உள்ளே போய் ஒரு மருந்து பாட்டிலோடு வந்தாள். “நாவப்பழ சிர்கா. எங்க வூட்டுக்காரரு சக்கரை வியாதிக்கு ஹகீம் குடுத்தது. ரெண்டு கரண்டி ஊத்து, மேல ஊத்தினா வாய் கூசும்.”

நாவல்பழக் காடி விழுந்ததும் வாணலி சீறியது. அடை கழன்று கரைந்தது. எலும்புச் சாற்றை ஊற்றி, உப்பும் மிளகும் போட்டு, செல்வி ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். இன்னொரு சொட்டும் வைத்துப் பார்த்தாள். இவ்வளவு நல்ல பொருளுக்கு இப்படி ஒரு ஏஜெண்டா என்று இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு, அக்கா கோழியோடு திரும்புவதற்குக் கொஞ்சம் முன்னால், ஞானதுரை வந்தான். சிகரெட் வாடை முன்னால் வந்தது, அவன் பின்னால் வந்தான். கை காலி.

“ஆள் வரல்ல. போகட்டும், யாருக்குத் தெரியப்போவுது?” என்றான். சட்டியை எட்டிப் பார்த்து, “ம், நிறம் வந்திருக்கு” என்று மார்க் போட்டான். கரண்டியை எடுத்து ஒரு வாய் பார்க்கவில்லை. கண்ணாடியைத்தான் பார்த்தான், மீசைக்காக.

கிண்ணங்களில் சூப்பை ஊற்றி, காய்ந்த ரொட்டித் துண்டை மிதக்கவிட்டு, டின் சீஸைச் சீவிப் போட்டார்கள். “அழுக்குச் சவக்காரம் மாதிரி நாறுதே” என்று செல்லக்கனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிறிஸ்துமஸ் கேக்குக்குச் செய்வதுபோல மேலே தகரத் தட்டு மூடி, தட்டின் மேல் கங்கு அள்ளிப் போட்டாள் செல்வி. சீஸ் உருகிப் பொன்னாகிக் குமிழ் விட்டது.

யேசுதாஸ் வந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, பட்டன் வரிசையாக மாட்டியிருந்தது. கரண்டியால் சீஸைக் கீறினார். ஆவி பறந்தது. ஒரு வாய். இன்னொரு வாய். கண்ணை மூடிக்கொண்டார்.

செல்வி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னா நைனா இது!” என்றார் யேசுதாஸ். “காப்டன் துரை இத்தக் குடிச்சா எழுந்து நின்னு சல்யூட் அடிப்பாரு. நெருப்பு பாஸ். வெங்காயம் பாஸ். எத்தினி நாளாச்சு!”

“பின்ன? என் தம்பில்லா!” தவசிமுத்து மீசையை நீவினார். “ஏட்டி செல்லக்கனி, கோயில் ஐயரவுகளப் பாத்து நாள் கேட்டுருவோம், என்ன?”

ஞானதுரை செல்வியைப் பார்த்து லேசாகக் குனிந்தான். கப்பலில் சீமாட்டிகளுக்குக் குனிகிற குனிவு. “வாணலியை விட்டு ஒரு நிமிஷம் நகரல யேசுதாஸண்ணே. கை இத்துப் போச்சு.”

செல்வி வாயைத் திறக்கப் போனாள். நான்தான் கிண்டினேன் என்றால் யார் நம்புவார்கள்? அக்கா பார்க்கவில்லை. சபீஹாவைச் சாட்சிக்கு மதிலேற்றவா?

அதற்குள் யேசுதாஸ் மூன்றாவது வாயை நாக்கில் உருட்டிக்கொண்டு கேட்டார்: “ஒண்ணு மட்டும் சொல்லு தோஸ்து. இதுல ஒரு புளிப்பு கீதே, ஜோரா, கடைசில லேசாத் துவர்க்குது. கப்பல்ல நான் பாத்ததில்ல. அது இன்னா?”

ஞானதுரையின் குனிவு பாதியில் நின்றது.

“புளிப்பா?”

“ஆமா. நீதானே ஊத்தினே?”

“அது… எலுமிச்சம்பழம்.”

யேசுதாஸ் இன்னொரு வாய் குடித்தார். “இல்லியே.”

“தக்காளி. தக்காளியைப் பிழிஞ்சு—”

“தக்காளி துவர்க்காது நைனா.”

தவசிமுத்துவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. புளிப்பு, துவர்ப்பு, பிரெஞ்சுக்காரன் சமையல். கிண்ணத்தை மெதுவாகத் தள்ளி வைத்தார். “எலே. ஒயினா?”

“சத்தியமா இல்லண்ணே! ஆள் வரவே இல்ல!”

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவனுக்கே கேட்டது.

“எந்த ஆளுலே?”

ஞானதுரை அண்ணனைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், கடைசியில் செல்வியைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லி அவள் காப்பாற்றுவாள் என்று நிஜமாகவே எதிர்பார்த்தான்.

செல்வி சொன்னாள்.

“ஒயின் இல்ல அத்தான். நாவப்பழ சிர்கா, சபீஹா அக்கா கொடுத்தாக. ஊத்தினது நான். கிண்டினதும் நான். அவருக்கு எப்படித் தெரியும், பாவம்? முக்குக் கடையில கேரம் ஆடிக்கிட்டிருந்தாரு.”

யேசுதாஸ் கரண்டியை வைத்துவிட்டு உரக்கச் சிரித்தார். “ஹகீம் மருந்தா! அட, அட!” அவருக்கு அந்தச் சேதிதான் பெரிது. தவசிமுத்து சிரிக்கவில்லை. காது மடல் சிவந்திருந்தது.

“நாள் ஒண்ணும் கேக்க வேண்டாம்” என்றார் மனைவியிடம். தம்பியிடம், “அந்த ஆளு யாருன்னு நாளைக்குக் கோயிலுக்குப் போறதுக்கு முன்னால சொல்லுத. சொல்லிட்டு எங்க வேணாலும் கப்பலேறு” என்றார்.

“பக்குவம் சொன்னது நான்தானே அண்ணே?” ஞானதுரையின் குரல் கீச்சென்றது. “தீயைக் குறைக்கச் சொன்னது நான். மைனிகிட்ட கேளுங்க!”

“சொன்னீங்க. அதுல குறையே இல்ல” என்றாள் செல்வி. “இவ்வளவு நேரமா உங்க முன்னாலதானே கிண்ணம் இருக்கு? ஒரு வாய் குடிச்சிருந்தா புளிப்பாவது தெரிஞ்சிருக்கும்.”

எல்லாரும் அவன் கிண்ணத்தைப் பார்த்தார்கள். சீஸ் மேல் ஒரு கீறல்கூட இல்லை. ஞானதுரை அவசரமாகக் கரண்டியை எடுத்தான்.

செல்வி கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நின்றபடியே சீஸைக் கீறி, உள்ளிருந்து ஆவி வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. மதியத்திலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.