முகவரி விசாரிக்க வந்தவர்

புதிய குடியிருப்புக்குக் குடிவந்து ஒன்பது நாட்களே ஆகியிருந்தன. அதற்குள் பூட்டுக்காரர் அங்கிருந்த நாற்பது கதவுகளையும் நோட்டமிட்டு, அவற்றுள் முப்பத்தொரு பூட்டுகள் பெயருக்குத்தான் பூட்டுகள் என்னும் முடிவுக்கு வந்துவிட்டார். இருபது ஆண்டுகளாகக் களவுபோன வீடுகளுக்குப் புதுப்பூட்டு மாட்டியவர் அவர். திருடர்கள் எடுத்தவுடன் கதவில் கைவைப்பதில்லை, முதலில் வாயால் விசாரிக்கிறார்கள் என்பது அவர் அனுபவத்தில் கண்டது. ஆகையால் அக்கம்பக்கத்தாரிடம் ஒரு சொல்லும் பேசக்கூடாதென்று வீட்டில் கட்டளையிட்டிருந்தார்.

பக்கத்துத் தெருப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. அது கைநழுவினால், அவருடைய மகள் இரண்டு பேருந்து மாறிச் செல்ல வேண்டிய பள்ளிதான் கதி. சுற்றியுள்ள ஐந்து தெருக்களில் வசிப்போரின் பிள்ளைகளுக்கே அங்கு அனுமதி. உறவினர் வீட்டைத் தம் வீடென்று காட்டுவோர் பெருகிவிட்டதால், முகவரியைத் தாங்களே சரிபார்ப்பதாக, அவருடைய விண்ணப்பத்தை வாங்கிக்கொண்ட பள்ளி எழுத்தர் அம்மாள் கூறினார். எவ்வாறு என்பதை மட்டும் கூறவில்லை. அதிலேயே பூட்டுக்காரருக்கு அவர்மீது ஐயம் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, மகளுக்குக் காலணி வாங்க மனைவி அவளை அழைத்துச் சென்றிருந்தார். பூட்டுக்காரர் கடைக்குப் புறப்படும் வேளையில் கதவு தட்டப்பட்டது. வெளியே குறிப்பேட்டுடன் ஒருவர். அவருடைய பார்வையோ பூட்டுக்காரரின் தோளைத் தாண்டி வீட்டுக்குள் மேய்ந்தது.

“இங்க சின்னப் பொண்ணு யாராச்சும் இருக்காங்களா?”

“ஏன் கேக்கறீங்க?”

“சும்மா, ஒரு விசாரணைதான்.”

சும்மா எவனும் அடுத்தவன் வீட்டுப் பெண்பிள்ளையைப் பற்றி விசாரிப்பானா?

“எங்களுக்குக் குழந்தையே கிடையாது. நானும் என் சம்சாரமும்தான்.”

வந்தவர் அதை எழுதிக்கொண்டு படியிறங்கினார். தம் சாமர்த்தியத்தை எண்ணி நாள் முழுவதும் பூட்டுக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. மாலையில் அதை விவரித்தபோது மனைவியின் முகம் கறுத்தது.

“என்னங்க, எந்தத் திருடன் நோட்டு எடுத்துட்டு வந்து எழுதிட்டுப் போவான்? பொண்ணோட இடத்துக்கே பூட்டு போட்டுட்டு வந்து நிக்கறீங்களே” என்றார் மனைவி.

மறுநாள் பள்ளி திறந்ததும் பூட்டுக்காரர் ஓடினார். குழந்தை இல்லை என்று தகப்பனே சொன்னதாக எழுத்தர் அம்மாளின் மேசைமீது அறிக்கை கிடந்தது. தம் தொழிலையும் திருடர்களின் வழக்கத்தையும் அவர் எவ்வளவோ எடுத்துரைத்தார். அந்நியர்களைத் தாம் எவ்வாறு பார்ப்பாரோ, அவ்வாறே எழுத்தர் அம்மாள் தம்மைப் பார்ப்பதை உணர்ந்தார்.

“நேத்து பொய் சொன்னீங்களா, இல்ல இன்னைக்குச் சொல்றீங்களா?”

வெள்ளிக்கிழமைக்குள் இன்னொரு முறை ஆள் வருவார் என்றும், நேரம் சொல்ல இயலாதென்றும், மறுபடியும் குளறுபடி நேர்ந்தால் பட்டியலில் அடுத்த பிள்ளைக்கு இடம் போய்விடும் என்றும் அம்மாள் கண்டிப்பாகக் கூறிவிட்டார்.

பூட்டுக்காரர் கடையை அடைத்துவிட்டு, வீட்டுக் கதவைத் திறந்துபோட்டு வாசலில் காத்திருந்தார். பிற்பகலில் கையில் தாளுடன் ஒருவர் வந்தார். பூட்டுக்காரர் அவரை உள்ளே இழுக்காத குறையாக அழைத்துச் சென்று, மகளின் படுக்கை, புத்தகப்பை, துவைத்துப்போட்ட காலுறை ஆகிய அனைத்தையும் காட்டினார். அவளுக்கு முதல் பல் விழுந்த கதையையும் விடவில்லை.

“தண்ணி மீட்டர் எங்கன்னு சொன்னீங்கன்னா பாத்துட்டுப் போயிடுவேன்” என்றார் வந்தவர். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே வெளியேறினார்.

வியாழக்கிழமை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வெள்ளி நண்பகலில், இடம் போனது போனதுதான் என்னும் முடிவோடு, மனைவி மகளுடன் பூட்டுக்காரர் பள்ளிக்குச் சென்றார். எழுத்தர் அம்மாள் புதிய அறிக்கையைப் பிரித்தார். விசாரணைக்காரர் வியாழக்கிழமையே வந்துவிட்டாராம். பூட்டுக்காரரின் பேச்சில் நம்பிக்கை அற்றுப்போனதால், கீழ்வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். கீழ்வீட்டு அம்மாள் சொன்னது அப்படியே எழுதப்பட்டிருந்தது.

“மேல்வீட்டுப் பொண்ணு தினம் காலையில மூணு மூணு படியா குதிச்சு இறங்குறா. எங்க வீட்டு விளக்கே ஆடுது. சொன்னா அப்பனும் பதில் பேசறதில்ல, ஆத்தாவும் பேசறதில்ல. என்ன குடும்பமோ, எனக்கென்னமோ சரியாப் படல.”

படித்து முடித்து, எழுத்தர் அம்மாள் கண்ணாடிக்கு மேலாக நோக்கினார்.

“இது நிஜமா?”

மகள் தாயின் பின்னால் ஒளிந்தாள். “நிஜந்தாங்க” என்றார் பூட்டுக்காரர். “சில நாள் நாலு படியும் குதிப்பா.”

அம்மாள் சேர்க்கைப் படிவத்தை நீட்டினார். பூட்டுக்காரர் கையெழுத்திட்டதும், அம்மாள் பழைய விண்ணப்பத்தை எடுத்து இரு கையெழுத்துகளையும் இருமுறை ஒப்பிட்டுப் பார்த்தார். அதன் பின்னரே முத்திரையைக் கையில் எடுத்தார்.