மேலே வந்த கம்பி

ஜாவாத் தீவின் தெமாக் கரையோரத்தில் கடல் கேட்காமலேயே வீட்டுக்குள் வந்துவிடும். சுமியெம் வீட்டுப் பழைய மாடித்தளத்தில் உப்பு இரும்புக் கம்பியைத் தின்று, காரை பெயர்ந்து சோற்றுப் பானையிலேயே விழுந்தது. இந்தத் தடவை போடும் புதுத் தளத்துக்குத் துருப்பிடிக்காத கண்ணாடி இழைக் கம்பிதான் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

"இது தூண்டில் கழி அண்ணி. இத நம்பி மாடி போடுறதா?" என்று கொழுந்தன் தர்மாடி கிண்டலடித்தான். கொத்தனாரும் அவன்தான். முணுமுணுத்துக்கொண்டே கட்டினான்.

கான்கிரீட் போடும் நாளில் கூலியில்லாமல் தெருவே வந்தது. அது அங்கே வழக்கம். வந்தவர்களுக்கு வயிறாரச் சோறும், தெம்பே என்ற சோயாக் கட்டியும் போட்டால் போதும். வரிசையில் நின்று வாளி வாளியாகக் கைமாற்றினார்கள். எல்லோரும் சாப்பிட இறங்கிய பிறகுதான் சுமியெம் பார்த்தாள். அடியில் கிடக்க வேண்டிய கம்பி வலை ஈரக் கலவையில் மேலே மிதந்து வந்திருந்தது. இரும்பென்றால் தன் கனத்திலேயே கிடந்திருக்கும். அந்தப் பழக்கத்தில் தர்மாடி இதை அடிப்பலகையோடு இழுத்துக் கட்டவில்லை.

"கம்பி அடியில இல்லன்னா தளம் தாங்குமா?"

"தாங்காது." அவன் அவசரமாகக் கரண்டியால் மேலே பூசினான். "இப்ப சொன்னா எல்லாத்தையும் அள்ளிக் கொட்டணும். சோத்துல கை வச்சவங்கள எழுப்புவீங்களா? என் பேரும் போகும், உங்க கண்ணாடிக் கம்பி பேரும் போகும்."

ஊரெல்லாம் அந்தக் கம்பியின் பெருமை பேசியவள், அன்று வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு தளத்துக்கு முட்டுக்கொடுத்த மூங்கில்களைப் பிரிக்க அவள் விடவேயில்லை. மூங்கில் இடுக்கில் சமையல், மூங்கில் இடுக்கில் படுக்கை. "வீட்டுக்குள்ளயே தோப்பு வச்சிருக்கா பாரு" என்று எதிர்வீட்டுப் பரினா கேலி செய்தாள். சுமியெம் சிரித்து மழுப்பினாள். உள்ளே இருந்தால் பயம், வெளியே வந்தால் வெட்கம்.

ஒருநாள் காலையில் கடல் வழக்கத்தை மீறி ஏறியது. முழங்கால் தண்ணீரில் தெருவே பிள்ளைகுட்டிகளோடு அவள் வீட்டு ஏணிக்கு வந்தது. உறுதியான மாடி அது ஒன்றுதான் என்று எல்லோருக்கும் நினைப்பு. உள்ளே இரண்டு மூங்கில்கள் ஏற்கெனவே சரிந்து மிதந்தன. சுமியெம் ஏணியை மறித்து நின்றாள்.

"வழி விடுடி." பரினாவின் இடுப்பில் கைக்குழந்தை. "நாங்க சுமந்து போட்ட தளத்துல எங்களுக்கே இடமில்லையா?"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து தர்மாடி, வேண்டாம் என்று தலையாட்டினான்.

"ஏறாதீங்கக்கா," என்றாள் சுமியெம். "கம்பி மேல மிதந்து வந்துடுச்சு. இத்தனை பேர் ஏறுனா இடிஞ்சு விழும். அன்னிக்கே பாத்தேன். சொல்லல."

பரினா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"அப்பவே சொல்லியிருந்தா அப்பவே அள்ளியிருப்போமே சுமியெம். வாளி எங்க கையிலதான இருந்துச்சு?"

திரும்பிப் போக யாருக்கும் இடமில்லை. தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அங்கேயே நின்றார்கள். ஒரு குழந்தையையாவது வாங்கிக்கொள்ளலாம் என்று சுமியெம் கை நீட்டினாள். யாரும் கொடுக்கவில்லை.