ஒன்பதாவது ஆள்

அப்பாவின் சவப்பெட்டிமேல் விரித்திருந்த கொடியை ராகினி ஒரே இழுப்பில் உருவினாள். நீலமும் வெள்ளையுமான பட்டுக் கொடி, பல்கலைக்கழகப் படகுக் கழகத்துடையது. கூடவே இரண்டு மாலைகளும் தரையில் விழுந்தன. தேவாரம் பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அவள் கொடியைச் சுருட்டி வாசல் பிளாஸ்டிக் நாற்காலியில் எறிந்தாள்.

"என்னம்மா இது? அப்பாவுக்கு மரியாதைக்குத்தானே கொண்டாந்தோம்," என்றார் தேவகுமார். எழுபதை நெருங்கியும் கழகத்துக் கோட்டு அவருக்குக் கச்சிதமாக இருந்தது. அந்தக் காலத்து அணித்தலைவர். கழகத்தின் வரலாற்றை எழுதியவரும் அவர்தான்.

"உங்க ஹிஸ்டரி புக்குல பேரே இல்லாத ஆளுக்குக் கொடி மட்டும் எதுக்கு அங்கிள்?"

"எட்டு பேரு துடுப்பு போட்டோம், எட்டு பேரு இருக்கு. உங்கப்பா சும்மா உட்காந்துதானே வந்தாரு."

சாவு வீட்டில் நின்றுகொண்டு, கூச்சமே இல்லாமல் சொன்னார்.

ராகினியின் அப்பா நாகநாதன் அணியின் காக்ஸ். துடுப்புப் போடுகிற எட்டுப் பேரும் போகிற திசைக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் சுக்கானோடு இருக்கிற அந்தக் குள்ள மனிதருக்கு மட்டும்தான் முன்னால் இருப்பது தெரியும். அவர் கட்டளை கொடுக்காமல் தோளில் தூக்கப் படகை யாரும் தொடக்கூட மாட்டார்கள். கழகம் ஜெயித்த ஒரே பெரிய கோப்பை அவர் ஓட்டி வாங்கியது. ஆனால் படகுக் கொட்டகைப் பெயர்ப்பலகையிலும் புத்தகத்திலும் எட்டுப் பேர்தான். வருடா வருடம் கழக விருந்துக்குச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு போவார். வந்ததும் யாரோடும் பேசாமல் படுத்துவிடுவார். அதற்காகவே ராகினி இந்த தேவகுமாரை மனதார வெறுத்தாள்.

அண்ணன் மயூரன் அவள் கையைப் பிடித்தான். "விடுலா ராகினி. பெட்டி தூக்க வேற யாரு இருக்கா?"

உண்மைதான். நிபோங் திபாலிலிருந்து வரவேண்டிய சொந்தக்காரர்கள் பாலத்துப் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சவ வண்டி ஓட்டுகிற சின்னையா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டுப் பேரில் உயிரோடிருந்த ஆறு பேரும் வந்திருந்தார்கள். பக்கத்துக்கு மூவராக நின்று பெட்டியில் கை வைத்தார்கள். வைத்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"தூக்குங்கப்பா," என்றார் தேவகுமார். முன்பக்கம் எழும்பியது, பின்பக்கம் எழும்பவில்லை. உள்ளே அப்பா சரிகிற சத்தம் ராகினிக்குக் கேட்டது.

வீட்டில் அலமாரி நகர்த்தினாலும் அப்பா போடுகிற படகுக் கட்டளை ஒன்று உண்டு. அது தானாக அவள் வாயில் வந்தது.

"ஹேண்ட்ஸ் ஆன்!"

ஆறு பேரும் நிமிர்ந்தார்கள்.

"ரெடி... அப்!"

பெட்டி ஒரே மட்டமாகத் தோளுக்கு ஏறியது. கிழவர்கள் சிலருக்குக் கண் கலங்கிவிட்டது. ராகினி கலங்கவில்லை. வண்டியின் பின்கதவு வரை அவர்களை நடத்திப் போய் நிறுத்தினாள். இறக்கச் சொல்லவில்லை.

"நம்பர் ஆஃப்," என்றாள்.

படகு கிளம்புமுன் ஒவ்வொருவரும் தன் இருக்கை எண்ணைச் சொல்லித் தயார் என்று காட்டுவது வழக்கம். பழகின வாய்கள் கேள்வி கேட்காமல் சொல்லின.

"ஒன்." "டூ." செத்துப்போன மூன்றாம் ஆளுக்கு ஒரு மூச்சு இடம் விட்டார்கள். "ஃபோர்." "ஃபைவ்." மறுபடியும் ஓர் இடைவெளி. "செவன்."

"எய்ட்," என்றார் தேவகுமார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதாம்மா. டவுன் சொல்லு." அவர் பெட்டிக்கு அடியில் இன்னொரு கையையும் கொடுத்தார்.

"இன்னும் ஒரு ஆளு இருக்கு அங்கிள்."

"ராகினி, போதும்லா," என்றான் மயூரன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கோங்கப்பா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். மற்ற ஐவரும் காத்திருந்தார்கள்.

"காக்ஸ்," என்றார் தேவகுமார் பல்லைக் கடித்துக்கொண்டு. "நாகநாதன்."

"கேக்கல."

"நாகநாதன்!"

எதிர்வீட்டுச் சீனக் கிழவி கதவைத் திறந்து பார்த்தாள்.

"டவுன்," என்றாள் ராகினி.

பெட்டி ஆடாமல் உள்ளே போனது. தேவகுமார் தோளைத் தேய்த்தபடி கொடியைத் தேடினார். அது வாசல் நாற்காலியிலேயே கிடந்தது. யாரோ அதன்மேல் குடித்து முடித்த கோப்பைகளை வைத்திருந்தார்கள். அவர் ராகினியைப் பார்த்தார்.

அவள் தரையில் கிடந்த இன்னொரு கோப்பையை எடுத்து, அதையும் அதன்மேல் வைத்தாள்.