நோரீன் வீட்டு ஓவன்

முழு வான்கோழி நுழைகிற ஓவன் தைவானின் தைனான் நகரத்து அமெரிக்கர்களில் நோரீன் ஒருத்தியிடம்தான் இருந்தது. உள்ளூர்க்காரர்கள் சமையலறையில் அந்தச் சாமான் கிடையாது. ஒஹையோவிலிருந்து கப்பலேற்றி, லிஃப்ட் இல்லாத நாலாவது மாடிக்கு ஆள் வைத்துத் தூக்கிய ஓவன் அது.

வான்கோழி விருந்து வைக்கிற அமெரிக்க நன்றி நாள் நவம்பரில் ஒரு வியாழக்கிழமை வரும். தைவானில் அன்று யாருக்கு லீவு? அதனால் விருந்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைப்பார்கள். அன்று அத்தனை அமெரிக்கர்களும் அவள் வீட்டு மாடிப்படி ஏறுவார்கள். மற்ற நாளில் ஈ காக்கை எட்டிப் பார்க்காது. அந்த ஒரு நாளை நம்பித்தான் அவள் வருஷத்தை ஓட்டினாள்.

இந்த வசந்தத்தில் டாஃப்னி வந்து சேர்ந்தாள். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்த சின்னப் பெண். வந்த வேகத்தில் ஞாயிறு சைக்கிள் சவாரி, புதன்கிழமை வினாடி வினா என்று எல்லாரையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். வருஷா வருஷம் நோரீன் வீட்டு வான்கோழியை வெட்டித் தருகிற வேட் கூட இப்போது அவள் இணையத்தில் போடுகிற படங்களில்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். நோரீன் அந்தப் படங்களை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பாள். தன்னைக் கூப்பிடாத மேஜையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கப் பார்க்க வயிறு எரியும்.

நவம்பரில் டாஃப்னி போன் செய்தாள்.

“நோரீன், எத்தனை வருஷமா நீங்களே கஷ்டப்படறீங்க! இந்தத் தடவை விருந்து என் வீட்ல இருக்கட்டும். வான்கோழியை மட்டும் உங்க ஓவன்ல சுட்டுக் கொடுங்க, போதும்.”

போதுமாம்! நோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அதான்மா முடியாது. ஓவன் கெட்டுப்போச்சு.”

“ஐயோ! எப்போ?”

“நேத்துதான். இந்த ஊர்ல அதை ரிப்பேர் பண்ண ஆள் ஏது?”

போனை வைத்தபோது மனசு குளுகுளுவென்று இருந்தது. வான்கோழி இல்லாத நன்றி நாளை நடத்திப் பார்க்கட்டும் மகாராணி.

விருந்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் சும்மா இருக்க முடியவில்லை. தனக்கென்று ஆப்பிள் பை என்கிற இனிப்புப் பணியாரம் ஒன்று செய்து ஓவனில் வைத்தாள். லவங்கப்பட்டை வாசனை வீடெல்லாம் ஏறிய நேரத்தில் மணி அடித்தது.

வாசலில் டாஃப்னி. அவளுக்குப் பின்னால் வேட்டும் இன்னும் நாலைந்து பேரும், வியர்த்துக் கொட்ட, ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“எல்லாரும் சேர்ந்து தேடிப்பிடிச்சு வாங்கினோம். புது ஓவன்!” என்றாள் டாஃப்னி. “உங்க கையால சுட்டாத்தான் அது வான்கோழின்னு இவங்க எல்லாரும் சொல்றாங்க. எனக்கே பொறாமையா இருக்கு, தெரியுமா?”

வேட் மூக்கை உறிஞ்சினான். “என்னது இது, ஆப்பிள் பை வாசனை வருது?”

பக்கத்து வீடு என்று சொல்ல வழியில்லை. அந்தச் சந்தில் வேறு யார் வீட்டில் ஓவன்? நோரீன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். டாஃப்னி அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். புரிந்துவிட்டது.

“அட, ரிப்பேர்காரர் வந்துட்டாரா?” என்றாள் உடனே. “ஒருத்தர் வர்றார்னு நேத்து சொன்னீங்களே! நான்தான் இவங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்.”

நேற்று நோரீன் அவளிடம் பேசவே இல்லை. ஆனாலும் ஆமென்று தலையை ஆட்டினாள். மாட்டிவிட்டிருந்தால் கூடத் தாங்கியிருப்பாள். இவள் காப்பாற்றியதைத்தான் தாங்க முடியவில்லை.

“அடிப்பாவி, நாலு மாடி தூக்கினோமே!” என்று வேட் சிரித்தான். “சரி, இதை டாஃப்னி வீட்லயே வெச்சிடலாம். கீழ்த்தளம், வீடும் பெருசு. இனிமே வருஷா வருஷம் அங்கேயே. உனக்கும் ரெஸ்டு, நோரீன். வந்து உட்கார்ந்து சாப்பிடு.”

எல்லாரும் சரி என்றார்கள். டாஃப்னி மட்டும் நோரீனையே பார்த்தாள்.

பெட்டியைக் கீழே கொண்டுபோகத் திருப்பியபோது கதவு இடித்தது. யாராவது அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நோரீன்தான் பிடித்துக்கொண்டாள்.