அட்மின் உரிமை: உண்டு

கம்ப்யூட்டரம்மாவுக்கும் அவள் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். இருவருக்கும் ஒரே ரத்தப் பரிசோதனை நிறுவனத்தில் வேலை. ஒருத்தி தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்தாள், இன்னொருத்தி கிளையொன்றின் கவுண்டரில் இருந்தாள். வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூட அண்ணன்காரன் வழியாகத்தான் கேட்டுக்கொள்வார்கள். அந்தத் தபால்காரர் வேலைக்கு அவர் தனிச் சம்பளமே கேட்கலாம்.

திங்கட்கிழமை காலை அந்தக் கிளையின் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. மூன்று வாரத்து ரத்த முடிவுகள் அதோடு போயின. தினமும் கிளையை மூடும்போது ஸ்கிரிப்ட் என்ற சின்னக் கட்டளைக் கோப்பை ஓட்டி நகல் எடுப்பது நாத்தனாரின் பொறுப்பு. தனி டிஸ்க்கில் இருந்த நகல் ஃபோல்டரோ துடைத்து வைத்தது போல் காலி. ஒருநாள்கூட விடாமல் ஓட்டினேன் என்று அவள் தலையில் அடித்துச் சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாலு மணிக்கு வேலைநீக்கக் கடிதம் கையில் வந்துவிடும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

கம்ப்யூட்டரம்மாவுக்கு நாத்தனாரைப் பிடிக்காதுதான். ஆனாலும் அவளைப் பொய்க்காரி என்று எதிரிகூடச் சொல்ல மாட்டான். மேலும் அந்த ஸ்கிரிப்டை எழுதியவளே கம்ப்யூட்டரம்மாதான். உண்மை தெரியாமல் சோற்றில் கை வைப்பதில்லை என்று கிளம்பிவிட்டாள்.

கிளையில் மாற்றுக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். தினமும் எப்படிச் செய்வாயோ அப்படியே செய் என்றாள். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஸ்கிரிப்டை மவுஸால் இரண்டு தட்டுத் தட்டினாள். கறுப்புத் திரை திறந்தது. ‘அட்மின் உரிமை: உண்டு. நகல் முடிந்தது’ என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. ஃபோல்டரில் ஒன்றுமே இல்லை.

கம்ப்யூட்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அட்மின் அதிகாரத்தோடு திறந்தால்தான் அது நகல் எடுக்கும். எப்போதும் மவுஸின் வலது பக்கம் தட்டி, ‘அட்மினாக இயக்கு’ என்று தேர்ந்தெடுத்துத் திறப்பது அவள் பழக்கம். அதனால் அவளிடம் அது ஒருநாளும் தவறவில்லை. இந்தக் கணக்குக்கு அட்மின் பட்டியலில் இடமுண்டா என்று மட்டுமே ஸ்கிரிப்ட் கேட்டது. இடமுண்டுதான். திறந்திருக்கும் இந்தத் திரைக்கு இப்போது அதிகாரம் உண்டா என்று அது கேட்கவே இல்லை. வீட்டுச் சொந்தக்காரர்தானா என்று விசாரித்தவள், சாவியைக் கொண்டு வந்தாரா என்று பார்க்காமல் விட்டிருந்தாள். போதாக்குறைக்கு, சிவப்பு எழுத்தைப் பார்த்தால் கவுண்டரில் பயந்துவிடுவார்களென்று பிழைச் செய்திகளையெல்லாம் தானே மறைத்தும் வைத்திருந்தாள். அவமானத்தில் காது சுட்டது.

உட்கார்ந்து அந்த வரிகளை அழித்தாள். அட்மின் திரைக்கு மட்டுமே இணங்கும் ஒரு கட்டளையை முதல் வரியில் வைத்தாள். கட்டளை பலித்ததற்கு அடையாளமாக அது பூஜ்யம் என்று திருப்பிச் சொன்னால் மேலே போகலாம், வேறு எந்த எண் வந்தாலும் அங்கேயே நிற்க வேண்டும். நாத்தனார் இரண்டு தட்டுத் தட்டினாள். ‘உரிமை இல்லை. நகல் எடுக்கவில்லை’ என்றது. வலது பக்கம் தட்டித் திறந்தபோது நகல் வந்து விழுந்தது.

மூன்றேமுக்காலுக்கு இருவரும் மேனேஜர் அறையில் நின்றார்கள். சொந்தக்காரியைக் காப்பாற்ற வந்தீர்களா என்று அவர் சிரித்தார். கம்ப்யூட்டரம்மா பழைய ஸ்கிரிப்டையும் புதியதையும் அவர் மேசையிலேயே தன் லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினாள். அவர் சிரிப்பு நின்றது.

“நீங்க சும்மா இருந்தா இது இவங்களோட முடிஞ்சிடும்மா.”

“திரை சொன்னதை இவ நம்புனா. அதைப் பொய் சொல்ல வெச்சது நான். கடிதத்தை என் பேருக்கு அடிங்க.”

அவர் தயங்கித் தயங்கிப் பெயரை மாற்றி அடித்தார். கம்ப்யூட்டரம்மா ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

“இன்னும் அஞ்சு கிளையில இதே பொய் ஓடிக்கிட்டிருக்கு. அவங்க மூடுறதுக்குள்ள எல்லாத்தையும் மாத்திடறேன். அப்புறம் என் அடையாள அட்டையை வாங்கிக்குங்க.”

மேனேஜர் சரியென்று தலையாட்டினார். நாத்தனார் மேசையிலிருந்த லேப்டாப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“வாங்க அண்ணி, வண்டியை நான் ஓட்டறேன்.”